இரும்புச் சட்டைக்குள் ஒரு முகம்

என் மகள் வவுனியாவில் அக்கா வீட்டில் இருந்து படிக்கிறாள். நான் கிளிநொச்சியில் தனியாக இருக்கிறேன். கண்ணிவெடி அகற்றும் வேலை. இவ்வளவு காலமும் விடியமுதல் வாகனம் வந்து பூநகரிப் பக்கம் ஏற்றிப்போய்விடும். பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்ப வீட்டில் ஆள் இல்லை. இந்த வருடம் கிட்டவே வேலை மாற்றித் தந்தார்கள். விடுமுறைக்கு வந்து நின்று பார்க்கட்டும், பிடித்தால் என்னோடேயே இருக்கட்டும் என்று அக்காவும் நானும் பேசி வைத்தோம். அன்றிலிருந்து நாட்களை எண்ணத் தொடங்கினேன்.

வரும்போது ஒரு கட்டு காமிக்ஸ் கொண்டுவந்தாள். எல்லாம் இரும்புச் சட்டை போட்ட ஒரு வீரனின் கதைகள். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவரும் உங்களைப் போலத்தான் அம்மா என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வாசித்துப் பார்த்தேன். அந்த ஆள் கொடுத்துவைத்தவர். அவருடைய சட்டை அவரைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. கண்ணிவெடி வேலைக்கு எங்களுக்குத் தரும் கனத்த சட்டையை நாங்கள்தான் வெயிலில் சுமக்கவேண்டும். எதிரியின் கை ஓங்கும் நேரம் பார்த்துத்தான் ஒவ்வொரு கதையிலும் சட்டைக்கு மின்சாரம் தீரும். தீர்ந்தாலும் கடைசிப் பக்கத்துக்கு முன்னம் எப்படியோ வந்துவிடும். அடி வாங்கிக்கொண்டே பகிடி விடுவார், காதுக்குள் யாரோ பதில் சொல்லுவார்கள். தலைக்கவசத்தை மூடியதும் அடுத்த படத்தில் உள்ளே இருக்கும் முகத்தை மட்டும் பெரிதாகக் கீறியிருப்பார்கள். அது எதற்கு என்று மகளைக் கேட்டேன். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிறவர் பயப்படுகிறாரா அழுகிறாரா என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியாதாம்.

எங்கள் வேலையில் ஒருவருக்குக் கிட்ட ஒருவர் போகக்கூடாது. தவறி வெடித்தால் ஒருவரோடு போகட்டும் என்று தள்ளித் தள்ளித்தான் விடுவார்கள். யாராவது கிட்ட வந்தால் கையைத் தூக்கி மறிப்போம். வந்தவர் தன் காலடித் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பிப் போகவேண்டும். முகத்துக்கு முன்னால் கண்ணாடி மறைப்பு. அதற்குள்ளே நாள் முழுக்க நான் கிட்ட இல்லாத மகளோடு கதைத்துக்கொண்டிருப்பேன். என் முகத்தைக் கீறிக் காட்ட அங்கே ஆள் இல்லை.

ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தேன். வீட்டுப் படலையில் நின்ற மகள் என்னைக் கண்ட சந்தோஷத்தில் பக்கத்துப் பற்றைக் காணிக்குள்ளால் குறுக்கே ஓடிவந்தாள். எப்போதோ கண்ணிவெடி எடுத்துத் துப்புரவாக்கிக் கையளித்த காணி அது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை தானாக உயர்ந்துவிட்டது.

"நில். அசையாதை. வந்த அடியில திரும்பிப் போ."

வேலைத்தளத்துக் குரலில் கத்தியிருக்கிறேன். பிள்ளை விறைத்துப்போனாள். பிறகு நிலத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய் ஒழுங்கையில் ஏறினாள். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, ஒன்றுமில்லை, பழக்கத்தில் சொல்லிவிட்டேன் என்றேன். அவளுடைய கைகள் தொங்கியபடியே இருந்தன.

அதற்குப் பிறகு நான் சமைத்துக்கொண்டிருக்கும் குசினி வாசலில்கூட நின்று, "வரலாமோ அம்மா?" என்று கேட்பாள். வா என்று சொன்ன பிறகுதான் உள்ளே வருவாள். சிரித்துக்கொண்டுதான் வா என்பேன்.

விடுமுறை முடியும்போது அக்கா போன் எடுத்தார். என்ன முடிவு என்று பிள்ளையிடமே கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் மெல்லச் சொன்னாள்.

"நான் வீட்டை வாறன் பெரியம்மா."