லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்

அந்த ஐப்பசி மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: பிக்கப் ஏன் இவ்வளவு டீசல் குடிக்கிறது?

வண்டி பெரியப்பாவுடையது, ஓட்டியது அப்பா. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு அடுக்கி வரும் மரத் தட்டுகளான பேலட்டுகளை, காலியான பிறகு தண்டலத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே உடைந்த பலகைகளை மாற்றி, ஆணியடித்துத் திருப்பி அனுப்புவார்கள். பேலட் எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். அதனால் பெரியப்பா அந்த வருடம் பட்டறையில் சொல்லி, பிக்கப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு இரண்டு சக்கர ட்ரெய்லர் செய்தார். இரண்டு நடைச் சரக்கு ஒரே நடையில் வந்தது. ட்ரெய்லரோடு லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கிடைக்கும் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். பெரியப்பா அந்த ஒன்பதை விடவே இல்லை.

அவர் அளக்கும் முறை இது. ஞாயிறு காலை பங்க்கில் டேங்க்கை வாய்வரை நிரப்புவார். நுரை அடங்குவதற்காக அப்பா வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டுவார். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடுத்த ஞாயிறு மறுபடியும் வாய்வரை நிரப்பினால் எவ்வளவு பிடிக்கிறதோ, அது அந்த வாரத்துச் செலவு. கிலோமீட்டருக்கு மட்டும் அவர் வண்டி மீட்டரைப் பார்ப்பதில்லை. போக வர நாற்பத்து நான்கு என்று ஒருமுறை தன் பைக்கில் போய் அளந்து வைத்திருந்தார். வாரத்துக்கு ஆறு நடை, இருநூற்று அறுபத்து நான்கு. ரோடு என்ன வாரத்துக்கு வாரம் நீளுமா என்று கேட்பார்.

முதல் வாரம் முப்பத்தெட்டு லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு ஏழுகூட வரவில்லை.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. இன்ஜின் இல்லாத ட்ரெய்லர் எப்படி டீசல் குடிக்கும் என்பது எனக்குப் பெரிய கேள்வி. அப்பாவைக் கேட்டேன். விரித்த குடையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கொட்டகையை ஒரு சுற்று ஓடிவரச் சொன்னார். ஓடினேன். புரிந்தது.

அதன் பிறகு வாரம் ஒரு வைத்தியம் நடந்தது. ட்ரெய்லர் டயர்களில் காற்று குறைவாக இருந்தது, நிரப்பினார்கள். படபடத்த தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். பேலட்டுகளை கேபின் உயரத்துக்கு மேல் அடுக்குவதில்லை என்று முடிவானது. ஆயுத பூஜைக்காக வண்டியின் முகப்பில் கட்டிய வாழைக்கன்றுகள் காய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அம்மாவின் முணுமுணுப்பை மீறி அவற்றை அறுத்துப் போட்டார் பெரியப்பா. தேவையில்லாத எடை என்று மேல் கேரியரைக் கழற்றினார், ஜாக்கியைக்கூட இறக்கி வைத்தார். தொழிற்சாலை கேட்டில் காத்திருக்கும்போது இன்ஜினை அணைக்க வேண்டும், ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் போட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஐம்பதைத் தாண்டவும் இல்லை.

செலவு முப்பத்தைந்து லிட்டராக இறங்கியது. பெரியப்பா கணக்கில் ஏழரை. அதற்கு மேல் ஏறவில்லை.

“வண்டி குடிக்கிது, சரி. கூட யாரனா குடிக்கிறாங்களான்னுதான் பார்க்கணும்” என்றார் பெரியப்பா. அப்பாவைப் பார்க்காமல் டயரைப் பார்த்துச் சொன்னார். அடுத்த ஞாயிறு ஒன்பது வராவிட்டால் சாவி பெரியம்மாவின் தம்பிக்குப் போகும், அப்பா கொட்டகையில் ஆணியடிக்கலாம் என்பதையும் அதே டயரிடம்தான் சொன்னார்.

டீசல் திருடன் என்று சொன்ன பிறகும் அப்பா வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு விளங்கவில்லை.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. வண்டி மீட்டர் ஒரு லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பூஜ்யமாகும் அந்தத் தருணத்தைத் தவறவிடக் கூடாது என்பதற்காகக் காலையும் மாலையும் எண்ணைக் குறித்து வந்தேன். சனிக்கிழமை மதியம் அந்த எண்களைக் கழித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஐம்பத்திரண்டு. ஒருநாள்கூட நாற்பத்து நான்கு இல்லை. ஆறு நாளுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. அதை முப்பத்தைந்தால் வகுத்தால் ஒன்பதுக்கு ஒரு நூல் குறைவு. வண்டி ஒழுங்காகத்தான் ஓடுகிறது, ரோடுதான் நீண்டிருக்கிறது. அப்பாவுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு பங்க்கிலிருந்து திரும்பினார்கள். மறுபடியும் முப்பத்தைந்து. பெரியப்பா கையை நீட்டினார், அப்பா சாவியை வைத்தார். நான் நோட்டோடு ஓடினேன். அம்மா உள்ளே இருந்து பால் பொங்குகிறது, வந்து அணை என்று கூப்பிட்டார். அடுப்பில் பால் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

“பெரிப்பா, வண்டி நாப்பத்தி நாலு ஓடல. தெனம் அம்பத்தி ரெண்டு ஓடுது. ஒம்போது வருது” என்றேன்.

அவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நானே எதிர்பார்க்காத அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

“தெனம் எட்டு கிலோமீட்டர். எங்கடா போற?”

அப்பா ட்ரெய்லர் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பென்னலூர் உள்ள போய்ட்டு வரேண்ணா. வண்டி மட்டும்னா இவ்ளோ ஆவாது. ட்ரெய்லரோட தெருவுல திருப்ப முடியல. சுத்திகினுதான் வரணும்.”

பெரியப்பா நோட்டை மூடி என்னிடம் தந்தார். சாவியை அப்பாவின் சட்டைப் பையில் போட்டார். “ட்ரெய்லர் இழுக்கிற வண்டிக்கு ஏழரையே ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒன்பதை நிரூபித்த பிறகு ஏழரை போதும் என்றால் எதற்காக இத்தனை நாள் ஆர்ப்பாட்டம்?

அத்தை பெங்களூரில் வேலை செய்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. தொழிற்சாலையில் தன்னோடு ஒரே லைனில் வேலை பார்த்தவரைச் சர்ச்சில் திருமணம் செய்துகொண்டு பென்னலூரில் ஒற்றை அறையில் குடியிருந்ததும், அப்போது ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்ததும், அவர் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொன்னவர் பெரியப்பா என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தன.

திங்கட்கிழமை காலை பெரியப்பா ஓர் அரிசி மூட்டையைத் தானே தோளில் தூக்கிவந்து பிக்கப்பில் வைத்தார். இருபத்தைந்து கிலோ. தேவையில்லாத எடை மைலேஜைக் கெடுக்கும் என்று அவர் சொன்னதை அவருக்கே நினைவுபடுத்தினேன்.

“இந்த எடைக்கு வண்டி டீசல் குடிக்காது. நீ ஸ்கூலுக்குப் போ” என்றார்.

அது தவறு. எடை என்றால் எடைதான். மாலையில் வண்டி வந்ததும் போய்ப் பார்த்தேன். பேலட்டுகள் இருந்தன, மூட்டை இல்லை. மீட்டரில் காலை எண்ணைக் கழித்தால் ஐம்பத்திரண்டு. அதைக் குறித்துக்கொண்டு, பெரியப்பாவுக்கு மைலேஜ் கணக்கு வராது என்று பக்கத்தில் எழுதி வைத்தேன்.