பாதிக் கூரைக் கோயில்

போன மாதம் எங்கள் ஊர் மாதா கோயிலில் ஒரு கூட்டம். கூரையை மாற்றுவது பற்றி. நானும் போயிருந்தேன் — பேசுவதற்கு அல்ல. கூட்டத்தில் எழுந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

கோயில் கட்டி மூன்று தலைமுறை ஆகிறது. உத்திரமெல்லாம் கரையான். கல்வராயன் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தாலே வடக்குப் பக்கம் உட்காருகிறவர்கள் குடையைத் தேடுவார்கள். பூசை நடுவில் குடை விரிகிற கோயில் வேறெங்காவது உண்டா?

வடக்குப் பக்கம் காலனிக்காரர்கள். தெற்குப் பக்கம் ஊர்த்தெருக்காரர்களான நாங்கள். நடுவில் சுவர் இல்லை, கயிறு இல்லை. ஆனாலும் யாரும் மாறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தியாகதுருகத்திலிருந்து வந்த மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியாது. அவர் பாட்டுக்குச் சாமியாரிடம் திட்டத்தைச் சொன்னார்.

“மொதல்ல வடக்குப் பக்கம் பிரிச்சிடலாம் சாமி. அது முடியற வரிக்கும் எல்லாரும் தெக்குப் பக்கம் குந்திக்கட்டும். அப்பறம் இத பிரிச்சிக்கலாம்.”

கோயிலே அமைதியாகிவிட்டது. மேஸ்திரி மேலே பார்த்தார்... ஓடு ஏதும் சரிகிறதோ என்று.

எங்கள் தெருவில் மூத்தவரான சவரிமுத்துப் பெரியவர் தொண்டையைச் செருமினார். “வேல நடக்கறப்ப நெருக்கடி ஜாஸ்தியா இருக்கும் சாமி. காலனி ஜனங்களுக்கு வெளிய ஒரு பந்தல் போட்டுடலாங்க. காத்தோட்டமா இருக்கும்.”

காலனியிலிருந்து ஆரோக்கியம் என்கிற அம்மா எழுந்தார். “இத்தினி வருசமா நாங்க நனஞ்சிக்கினு பூச பாத்தோம் பெரியவரே. இந்தவாட்டி காத்த நீங்க வாங்கிக்குங்க. பந்தல்ல நீங்க குந்துங்க.”

வடக்கில் சத்தமாகச் சிரித்தார்கள். தெற்கில் வாயைப் பொத்திக்கொண்டு. சாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

“பந்தல் கிடையாது. என்னிக்குப் பிரிக்கிறீங்க மேஸ்திரி?” என்றார்.

பிரித்தார்கள். முதல் ஞாயிறு என்ன நடக்கும்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் மணி அடிக்கும் முன்பே போய்விட்டேன். எனக்கும் முன்னால் ஆரோக்கியம் — தெற்குப் பக்கம், முன் வரிசையில், பிள்ளைகளோடு.

பெரியவர் வழக்கம்போல் கடைசி மணிக்கு வந்தார். அவர் சாய்கிற தூணில் காலனிக் கிழவர் ஒருவர் சாய்ந்திருந்தார். பெரியவர் பூசை முடியும்வரை வாசலிலேயே நின்றார். பாவம், முழங்கால் வலிக்காரர்.

அடுத்த ஞாயிறு? முதல் மணிக்கே பெரியவர் ஆஜர், தூணைப் பிடிக்க. ஆனால் கிழவர் அதற்கும் முன்பே வந்து சாய்ந்திருந்தார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பெரியவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரசங்கத்தால் மாறாத பழக்கம் முழங்கால் வலியால் மாறும் போலிருக்கிறது.

இப்போது புதுச் சிக்கல். எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். புது ஓடு ஏற்றிய லாரி தியாகதுருகத்தைத் தாண்டவில்லை. பெரியவரின் மகனும் அந்த மறியலில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

நேற்று மேஸ்திரி ஆரோக்கியத்திடம் வருத்தப்பட்டார். “கோச்சிக்காதம்மா. ஒங்க பக்கம் தெறந்தே கெடக்குது. லாரி எப்ப வருமோ தெரியல.”

“நா இன்னா கேட்டேன்?” என்றார் ஆரோக்கியம். “மெதுவாவே வரட்டும் மேஸ்திரி.”