ஆமை இல்லாத கரட்டில் மூன்று மழைக்காலம்

சிதம்பரம் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஆலங்குடி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பாதி வழியில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்துப் புதுக்கோட்டைக்கு ஓடினேன். கருமாதி வரை அந்த வீட்டில்தான் கிடந்தேன். ஒரே பள்ளியில் அவர் விலங்கியல் ஆசிரியர், நான் வேதியியல். ஞாயிறுதோறும் சேர்ந்து காடு மேடு அலைந்தவர்கள் என்பது நம் இயற்கைக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாததை எழுதுகிறேன்.

முதலில் தப்பு செய்தவன் நான். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டில் நட்சத்திர ஆமைகளைப் பார்த்த சந்தோஷத்தில், படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டேன். படத்தின் ஓரத்தில் ஊர்ப்பெயரோடு மைல்கல் தெரிந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள் சாக்குப்பையோடு வந்து, வெளியூரில் விற்பதற்காக ஒன்று விடாமல் அள்ளிப்போனார்கள். சார் திட்டவில்லை. "விடுங்க சார், தெரியாமச் செஞ்சதுதான" என்றார்.

சில மாதம் கழித்து, வல்லத்திராக்கோட்டைக்கு அப்பால் ஒரு பாறைக்கரட்டில் இன்னும் நாலைந்து ஆமைகள் இருப்பதாக அவரே சொன்னார். மன்னித்துவிட்டார் என்று எனக்கு அழுகையே வந்தது. மூன்று மழைக்காலம் அந்தக் கரட்டில் தேடினேன். முள் கிழித்ததுதான் மிச்சம். "இல்லன்னு எழுதணும்னாலும் நடந்து பாத்துட்டுத்தான் எழுதணும்" என்பார் அடிக்கடி. அப்படி நடந்து பார்த்துவிட்டுத்தான், நம் பகுதியில் நட்சத்திர ஆமை அற்றுப்போயிற்று, அதற்கு நானே காரணம் என்று கட்டுரை எழுதினேன். வாங்கிப் படித்து இரண்டு எழுத்துப்பிழை திருத்தித் தந்தார். கூட்டத்தில் நான் அதை வாசித்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

கருமாதி முடிந்து அவர் மனைவி கோமதி அக்கா அவருடைய நோட்டுகளை என்னிடம் தந்தார். சனிக்கிழமைதோறும் சார் வேறோர் இடத்துக்குப் போய் ஆமைகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். குட்டிகள்கூட உண்டு. என்னை அலையவிட்ட கரட்டின் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. நான் கட்டுரை வாசித்த நாளின் பக்கத்தில் என்னைப் பற்றி இப்படி இருந்தது: "சார் நன்றாகப் பேசினார். இனி யாரும் தேடி வரமாட்டார்கள்."

அக்காவிடம் கேட்டேன்.

"தெரியும் தம்பி. நானுந்தான் கூடப் போவேன். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாக."

ஊருக்குப் பொய் சொல்லியிருந்தால் ஆமைக்காக என்று பொறுத்துக்கொள்வேன். மனிதர் என் குற்ற உணர்ச்சியை எடுத்து ஆமைகளுக்கு வேலி கட்டியிருக்கிறார். கூடவே நடந்தவனுக்குச் செய்த இந்தக் காரியத்துக்குத் துரோகம் என்றுதான் பெயர். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். உயிரோடு இருக்கும்போது திட்ட அவர் வழி வைக்கவில்லையே.

போன வாரம் மழை விட்டதும் நோட்டில் இருந்த இடத்துக்குப் போனேன். ஓர் ஆமை ஈரப்புல்லைத் தின்றுகொண்டிருந்தது. கை தானாக ஃபோனை எடுத்தது. படம் எடுத்து, வாட்ஸப் குழுவைத் திறந்தும்விட்டேன். அப்புறம்தான் நிறுத்தினேன். என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார். அதுதான் இன்னும் எரிகிறது.

ஆமைகள் இருக்கின்றன என்று இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். எங்கே என்று கேட்காதீர்கள். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த நோட்டில் உள்ள இடம் ஒன்றுதான். அதையும் அவராகத் தரவில்லை.