மூன்று கற்கள்

கித்துல்கலையில் ஆற்றைப் பார்த்துவிட்டு, நானும் கணவரும் படுக்கை வசதியுள்ள எங்கள் வேனை ஒரு றப்பர் தோட்டத்தில் நிறுத்தினோம். புல்லுக்குள் கிடந்த மூன்று கற்களைப் பெயர்த்து அடுப்பாக்கி, தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

றப்பர் பால் வெட்டும் பெண்ணொருத்தி கையில் பூவோடு வந்து, அடுப்பையே பார்த்து நின்றாள்.

"என்னங்க தேடுறீங்க?" என்றேன்.

"எம் மகளப் பொதச்சு, தலமாட்டுல வச்ச கல்லுங்க அது."

பதறிப்போய் நெருப்பை அணைக்கக் குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"இருங்க, கொதிக்கட்டும். அவளுக்குச் சாயத்தண்ணின்னா உசுரு. ஒரு கப்பு தேத்தண்ணி ஊத்தி வைங்க."

வைத்தேன். பிறகு கற்களைத் தேய்த்துக் கழுவினேன். கரி முழுதாகப் போகவில்லை.

நானும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள்தான். என் அப்பாவின் தலைமாட்டிலும் வெறும் கல்தான் இருக்கிறது. ஊர் சுற்றிப் பார்க்க வந்த அன்று, எனக்கு அது அடுப்புக் கல்லாகத் தெரிந்துவிட்டது.