ஊட்டியில் இல்லாத மாமாவுக்கு ஒரு ஹீட்டர்

இன்று அப்பாவுடன் சிதம்பரத்தில் ரூம் ஹீட்டர் வாங்கப் போனேன். வெயில் கொளுத்துகிறது. ஆனால் கீமோ ஆரம்பித்ததிலிருந்து அம்மா போர்வைக்குள் நடுங்குகிறார்.

கடைக்கார அண்ணன் சிரித்துவிட்டார். "இந்த ஊர்ல ஹீட்டரா சார்? கோழிக்குஞ்சு வளக்கிறீங்களா?"

"ஊட்டியில மச்சான் இருக்காரு, அவருக்கு" என்றார் அப்பா.

எனக்கு ஊட்டியில் மாமாவே கிடையாது. அம்மாவின் நோயைச் சொந்தக்காரர்களுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

"அப்போ இத எடுத்துக்குங்க. பையில வச்சு பஸ்லயே கொண்டு போயிடலாம்."

சின்ன ஃபேன் ஹீட்டர். போட்டுக் காட்டினார். காய்ந்த காற்று முகத்தில் அடித்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் புண். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர்தான் காற்று வீசாமல், சத்தமில்லாமல் சூடாக்கும் என்று படித்துக் குறித்துக்கொண்டு போயிருந்தேன். அப்பாவோ "சரி, கட்டுங்க" என்றுவிட்டார்.

"அண்ணா, மாமாவுக்கு இல்ல. எங்கம்மாவுக்குக் கேன்சர். அவுங்களுக்குத்தான் குளிருது. காத்து வீசாத ஆயில் ஹீட்டர் இருக்கா?" என்றேன்.

அண்ணன் சின்னதைப் பெட்டியில் வைத்து மூடினார். "ஆயில் ஹீட்டர் கடலூர்லேர்ந்து நாளைக்கு வந்துடும்மா."

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உன் ஃபிரண்ட்ஸுக்கும் எழுதிப் போடு" என்றார். "மூணு மாசமா ஒருத்தரும் வூட்டுப் பக்கம் வரல."

இதோ, உங்களுக்கும் போட்டுவிட்டேன். மாலை நாலு மணிக்கு அம்மா விழித்திருப்பார். மாஸ்க் போட்டுக்கொண்டு வாருங்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் அப்பாவிடம் சொல்ல ஆளுக்கொரு பொய்யும் தயார் செய்துகொள்ளுங்கள்.