காற்றில்லாமல் கொட்டும் இலை

இன்று காலை காரை எடுக்கப் போனால் முன்கண்ணாடி முழுக்க மேப்பிள் இலைகள். ஈர இலையின் புளித்த மணம் மூக்கில் ஏறியதும் நாங்கள் இங்கே வந்த முதல் வருஷம் ஞாபகம் வந்தது.

2009 இல் எனக்கு எட்டு வயது. வன்னிப் போரிலிருந்து தப்பிய அம்மாவும் நானும் கோடையில்தான் கடல் கடந்து இல்ஃபோர்டில் இந்த வீட்டுக்கு, அப்பாவிடம் வந்து சேர்ந்தோம். வாசல் மேப்பிள் அப்போது கரும்பச்சை. கொஞ்ச நாளில் ஒரு பக்கம் மஞ்சளானது. மரம் சாகப்போகுது என்று பதறிய அம்மா, அரிசி களைந்த தண்ணியைத் தினமும் வேரில் ஊற்றினார். மரமோ சிவந்துகொண்டே போனது.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டோம். காற்றே இல்லை. ஆனாலும் இலைகள் பொலபொலவென்று கொட்டின. வன்னியில் அப்படிக் கொட்டினால் ஷெல் குண்டின் துண்டுகள் மரத்துக்குள்ளால் பாய்கின்றன என்று அர்த்தம்.

"படு பிள்ளை!" என்று அம்மா கத்தினார்.

இருவரும் நடைபாதையில் குப்புற விழுந்தோம். காதைப் பொத்திக்கொண்டு அடுத்த வெடிக்காகக் காத்திருந்தேன். அது வரவேயில்லை. அந்த அமைதிதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்பா ஓடிவந்தார். "இஞ்சேரும், பயப்பிடாதையும். இஞ்ச ஒவ்வொரு வருஷமும் இலை கொட்டும்."

அம்மா எழும்பவில்லை. "ஒவ்வொரு வருஷமுமோ?" என்று மட்டும் கேட்டார்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு இப்போது நிமிர்ந்து பார்க்கிறேன். காற்றில்லாமல் இலைகள் கொட்டிக்கொண்டிருக்கின்றன. மேல் ஜன்னலில் அம்மா நிற்கிறார். குனியச் சொல்லிக் கையைக் காட்டுகிறார்.

நான் குனிகிறேன்.