மலை வரமுந்திக் கேசறையை இறக்கினது

மூடுவம் எண்ட கூட்டம்

கேசறையை மூடுவம் எண்டு பிரவ் ஹூபர் சொன்ன உடன எனக்குக் கோவம் உச்சந்தலையில ஏறிச்சுது. பிரவ் எண்டால் திருமதி; அவ எங்கட ஊர்ச் சபையில வேலை செய்யிறவ. கெட்டிக்காரி, ஊருக்காக ஓடித் திரியிற மனுசி. ஆனால் அண்டைக்கு அவ சொன்னதை என்னால பொறுக்க ஏலாமல் போச்சுது.

கேசறை எண்டால் சீஸ் செய்யிற இடம். சுவிஸில, பேர்ன் மலைப் பக்கத்தில ஒரு சின்ன ஊர். அங்க வால்ட்டர் எண்டவரின்ர கேசறையில நான் வேலை செய்தனான். அகதியாய் வந்து, முதல் ஒரு ஹோட்டலில கோப்பை கழுவி, பிறகு அங்க போய்ச் சேர்ந்து, பென்சன் எடுக்குமட்டும் அசையேல்லை. நிலவறையில அடுக்கியிருக்கிற சீஸ் வட்டங்களை ஒவ்வொண்டாய் எடுத்து, உப்புத் தண்ணியில தோய்ச்ச பிரஷால தேய்ச்சு, பிரட்டி வைக்கிறதுதான் என்ர வேலை. ஞாயிறு, நத்தார் எண்டு ஒண்டும் கிடையாது. சீஸுக்கு லீவு விளங்காது பாருங்கோ.

ஊருக்கு மேல இருந்த மலை கன காலமாய் மெல்ல மெல்ல அசைஞ்சுகொண்டிருந்தது. அந்த வருசம் வேகம் பிடிச்சிட்டுது. ஜியோலொஜிக்காரர் கருவி பூட்டி அளந்துபோட்டு, "எப்ப எண்டு சொல்லேலாது, ஆனால் வரும்" எண்டு சொல்லிப்போட்டினம். வீட்டுக்காரர் சாமானைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடலாம். தொழில் செய்யிறவை என்ன செய்யிறது? பேக்கரி, தலைமயிர் வெட்டுற கடை, ரூடியின்ர தச்சுப் பட்டறை, எங்கட கேசறை. இதுகளை எங்க கொண்டுபோறது எண்டு முடிவெடுக்கத்தான் அந்தக் கூட்டம்.

பிரவ் ஹூபர் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு ஊரில இடம் பார்த்து வைச்சிருந்தா. கேசறைக்கு மட்டும் ஒண்டும் அம்பிடேல்லை. "மலை நிண்ட பிறகு திரும்பத் திறக்கலாம். அதுவரைக்கும் பாலைப் பெரிய பக்டரி எடுக்கும்" எண்டா.

வால்ட்டர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன ஓடுது எண்டு எனக்குத் தெரியும். மாட்டுக்காரர் ஒருக்கா பெரிய பக்டரியோட கையெழுத்து வைச்சால் பிறகு எங்களிட்டை வரமாட்டினம். பால் வராட்டில் கேசறை இல்லை. வால்ட்டரின்ர பிழைப்பு, என்ர வேலை, அந்த ஊரின்ர சீஸ், எல்லாம் அதோட சரி.

நான் எழும்பினன். எனக்குக் கோவம் வந்தால்தான் ஜெர்மன் நல்லாய் வரும்.

"பிரவ் ஹூபர், நாங்கள் சண்டைக்குள்ள ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள். ஆளுக்கொரு பக்கமாய்ப் போனம். பிறகு திரும்பிப் போனவைக்கு ஊர் இருந்தது, கடையள் இல்லை. சனம் வேற இடத்துக்குப் பழகிட்டுது. தயவுசெய்து எல்லாரையும் ஒரே இடத்தில போடுங்கோ. கீழ பழைய நெசவாலை சும்மாதானே கிடக்குது?"

ரூடிக்கு வந்துதே ஒரு பாய்ச்சல்! "கேசறையும் என்ர பட்டறையும் ஒரே கூரைக்குள்ளயோ? மரத்தூள் சீஸில விழுந்தால் ஆர் பேச்சு வாங்கிறது? நான்தானே!"

வால்ட்டர் அப்பதான் தலையை நிமிர்த்தினார். "அப்ப நடுவில ஒரு சுவரைக் கட்டு. நீ தச்சன்தானே?"

சனம் எல்லாம் சிரிச்சுது. ரூடியும் சிரிச்சிட்டார். அதோட முடிவாச்சுது.

பிரவ் ஹூபரை நான் குறை சொல்ல மாட்டன். முடிவெடுத்த அடுத்த நாளே நெசவாலைக்குத் தண்ணி, கரண்ட், சுகாதாரப் பகுதியின்ர அனுமதி எண்டு அவதான் ஓடினா. கீழ்த்தளத்தை எங்களுக்கு நிலவறையாக்கித் தந்தா. ரூடி முணுமுணுத்துக்கொண்டே சுவரைக் கட்டினார். கட்டின சுவரால ஒரு துளி தூள் வரேல்லை, அதையும் சொல்லத்தான் வேணும்.

அரோகரா

பேக்கரியும் சலூனும் ரூடியும் முதல் இறங்கிச்சினம். கேசறை கடைசி. பால் நிக்காது எண்டபடியால் வால்ட்டர் ஒரு ஒழுங்கு போட்டார்: காலமைப் பாலை மேல காய்ச்சிறது, பின்னேரப் பாலைக் கீழ வாங்கிறது. இடையில இருக்கிற நேரத்துக்குள்ள எல்லாம் கீழ வந்திட வேணும். பின்னேரத்தோட பாதையை மூடப்போகினம் எண்டு அறிவிச்சும் இருந்தது.

ஆள் காணாது. நான் லாங்கன்தால் பட்டணத்தில இருக்கிற சிவபாலண்ணைக்குப் போன் அடிச்சன். அங்கத்தைத் தமிழ்க் கோயில் திருவிழா எண்டால் தேர் கட்டுறதில இருந்து இழுக்கிறது வரைக்கும் அவரின்ர பொறுப்பு.

"அண்ணை, ஒரு உதவி. பாரம் தூக்க வேணும்."

"சாப்பாடு ஆர் தங்கச்சி?"

"நான்தான். ஆட்டிறைச்சி."

"அப்ப ஆள் பிரச்சினை இல்லை. வாறம்."

வான் வானாய் வந்து இறங்கிச்சினம். நாங்கள் பால் காய்ச்சிற பெரிய செப்புக் கிடாரம் பழைய கட்டிடத்துக்குள்ள மாட்டுப்பட்டுக் கிடந்தது. கிரேன் கிட்டப் போகேலாது. சிவபாலண்ணை சுத்திவரப் பார்த்தார், கயிறு போட்டார், தடி செருகினார், ஆக்களை நிப்பாட்டினார். "அரோகரா!" எண்டு ஒரு சத்தம். கிடாரம் எழும்பிச்சுது! ரெண்டாந்தரம் வால்ட்டரும் சேர்ந்து அரோகரா எண்டார். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவள், எண்டாலும் தொண்டை கிழியக் கத்தினன்.

நான் கிடாரத்தோட கீழ போயிட்டன். உப்புத் தண்ணித் தொட்டியை ஒழுங்குபடுத்த வேணும். சீஸ் வட்டங்கள் வான்களில வந்து வாசலில நிண்டுது. கடைசி லொறியில சீஸ் அடுக்கிற பலகையள் வந்தது. திறந்து பார்த்தன். என்ர மாதாவே! எல்லாம் வெள்ளை வெளேரெண்டு, தண்ணி வடிய வடிய.

சிவபாலண்ணை சிரிச்சுக்கொண்டு இறங்கினார். "தங்கச்சி, பலகை எல்லாம் ஒரே ஊத்தை. புது இடத்துக்குள்ள உதோட போறதோ? கோயில் சாமான் எண்டால் கழுவித்தானே உள்ள எடுக்கிறனாங்கள். பக்கத்துப் பண்ணையில தண்ணி பீச்சிற பிரஷர் மெஷின் நிண்டது. அடிச்சு வெள்ளையாக்கிப்போட்டம்."

அந்தப் பலகையள் தண்ணியில ஊறக்கூடிய மரம். நாங்களும் கழுவிறனாங்கள்தான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாய்க் கழுவி, நாள்கணக்காய் வெயிலில காயவிட்டுத்தான் சீஸை வைப்பம். ஈரப் பலகையில வைச்சால் அடித்தோல் அழுகிப் போகும்.

"அண்ணை, உங்களை ஆர் கழுவச் சொன்னது?" எண்டு கத்தினன்.

"கழுவ வேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே, தங்கச்சி." அந்தாளின்ர முகம் செத்துப்போச்சுது. அவர் சொன்னதும் உண்மைதானே.

வால்ட்டர் வந்தார். ஒரு பலகையில கையை வைச்சுப் பார்த்தார். ஈரக் கையைக் களிசானில துடைச்சார். என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். பிளாஸ்டிக் தட்டு வாங்கி வரட்டோ எண்டு பிரவ் ஹூபர் கேட்டா. "வேர்க்கும்" எண்டு ஒரு சொல்லோட விட்டார்; பிளாஸ்டிக்கில வைச்சால் சீஸ் வேர்த்துப் பழுதாகும். பிறகு போனை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பக்டரிக்கு அடிக்கப்போறன், றீற்றா. இருக்கிற சீஸையே வைக்க இடமில்லை. பாலை வாங்கி என்ன செய்யிறது?"

"ஒரு கொஞ்ச நேரம் பொறுங்கோ" எண்டு சொல்லி, அவரின்ர கையில இருந்த போனைப் பறிச்சு என்ர ஏப்ரனுக்குள்ள போட்டுக்கொண்டு ஓடினன். முதலாளியின்ர போனைப் பறிக்கிறது நல்ல பழக்கம் இல்லை. அண்டைக்கு வேற வழி தெரியேல்லை.

நேரே சுவருக்கு அங்கால, ரூடியிட்டை.

"ரூடி, காய்ஞ்ச மரம் இருக்கோ? மருந்து அடிக்காதது."

ரூடி வாசலில நிண்ட வான்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருக்கு. ஒருத்தரின்ர வீட்டு உள்கூரைக்கு எண்டு வாங்கி அடுக்கினது."

"அவருக்கு என்ன சொல்லுவியள்?"

"அந்தாளும் எங்கட சீஸ்தான் தின்னிறவர். பொறுப்பார்" எண்டு சொல்லிப்போட்டு சீவிற மெஷினைப் போட்டார்.

வால்ட்டர் அளவு சொன்னார், ரூடி வெட்டினார், சீவினார். கோயில் ஆக்கள் வரிசையாய் நிண்டு கைக்குக் கை மாத்திச்சினம். சிவபாலண்ணை மெஷினுக்குப் பக்கத்தில நிண்டு ஒவ்வொரு பலகையையும் காய்ஞ்ச துணியால துடைச்சு, "தண்ணி இல்லை, தண்ணி இல்லை" எண்டு எனக்குக் கேக்கச் சொல்லிச் சொல்லி விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கூரைக்குப் போகவேண்டிய மரமெல்லாம் கீழ்த்தளத்தில தட்டாய் ஏறிச்சுது. சீஸ் வட்டங்கள் ஒவ்வொண்டாய் அதில போய் இருந்துது.

கடைசி வான் வெறுமையாக, பின்னேரப் பால் வந்திட்டுது. மாட்டுக்காரர் பால் கானோட உள்ள எட்டி எட்டிப் பார்த்தினம். வால்ட்டர் முதல் கானைத் தானே தூக்கிக் கிடாரத்தில ஊத்தினார். நான் போனைத் திருப்பிக் குடுத்தன். வாங்கிப் பொக்கற்றுக்குள்ள போட்டார், அவ்வளவுதான்.

மலை

மலை ஒரு காலமை வந்தது. நாங்கள் கிடாரத்துக்குப் பக்கத்தில நிண்டம். கல் லொறி கொட்டுற சத்தம், ஆனால் நிக்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது. வெளியில ஓடிப்போய்ப் பார்த்தால் மேல ஒரே புழுதி. புழுதி அடங்கினபோது பழைய கேசறை இருந்த இடத்தில பாறை. ரூடியின்ர பட்டறை, வால்ட்டர் பிறந்த வீடு, எல்லாத்துக்கும் மேல பாறை. ஆக்கள் எல்லாரும் முதலே வெளியேறினபடியால் ஒரு உயிரும் போகேல்லை.

ரூடி மெஷினை நிப்பாட்டிப்போட்டு வந்து வால்ட்டருக்குப் பக்கத்தில நிண்டார். பிறகு வால்ட்டர், "பால் அடுப்பில" எண்டு சொல்லிப்போட்டு உள்ள போனார். கிடாரத்தைக் கிண்டிக்கொண்டே அழுதார். நானும் பக்கத்தில நிண்டு அழுதன். பால் மட்டும் கெடேல்லை.

அண்டைக்குப் பின்னேரம் ஒருத்தரும் வரமாட்டினம் எண்டுதான் நான் நினைச்சன். வீடு வாசல் போன நாளில ஆர் பால் கொண்டு வருவினம்? மாட்டுக்காரர் எல்லாரும் வந்தினம். மாட்டுத் தொழுவம் பாறைக்குக் கீழ போன ஒருத்தர், மாடுகளைச் சொந்தக்காரரிட்டை வைச்சுக் கறந்து, பக்கத்துப் பள்ளத்தாக்கில இருந்து வாகனத்தில சுத்தி ஓடி வந்தார். ஏன் இவ்வளவு தூரம் எண்டு நான் கேட்டன். "நீங்கள் திறந்திருப்பியள் எண்டு தெரியும்" எண்டார்.

பிறகு மலைக்குக் கீழ இருக்கிற வேற ஊர்க்காரரும் பிரவ் ஹூபரிட்டை யோசனை கேட்டு வந்தினம். அவ ஒவ்வொரு தொழிலுக்கும், உதவிக்கு வாறவை எதில கை வைக்கக்கூடாது எண்டதை முதலே கேட்டு எழுதச் சொல்லுவா. நல்லது. ஆனால் நான் அண்டைக்குப் படிச்சது வேற. பிள்ளையள், நீங்கள் செய்யிற தொழிலுக்கு மேலயும் ஒரு நாள் ஏதாவது சரியப் பார்க்கும். கட்டிடம் போனால் போகட்டும். உங்களை நம்பி வாற ஆளை மட்டும் ஒரு நேரமும் திருப்பி அனுப்பாதேங்கோ. நாங்கள் அனுப்பேல்லை. அதாலதான் கேசறை இண்டைக்கும் அந்த நெசவாலைக்குள்ள நடக்குது, நானும் பென்சன்காரியாய் வரிசையில நிண்டு சீஸ் வாங்கிறன்.